அசையாத கடலும் அசைந்த கல்லும்: கடற்கரை ஒளிப்பட உத்திகள் குறித்த நெய்தல் திணை நோக்கிலான திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஒரே கடற்கரைக்கு மீண்டும் மீண்டும் சென்று, வெவ்வேறு புனைவு உத்திகளால் படமெடுப்பது இன்றைய ஒளிப்படக் கலையில் பரவலான பயிற்சியாக உள்ளது. தமிழகத்தில் இப்பயிற்சிக்கு மிகுதியும் ஆட்படும் இடங்களுள் ஒன்று மாமல்லபுரத்துக் கடற்கரை. நெடுநேர ஒளிப்பதிவு, கருவியை அசைத்தெடுத்தல், பன்முறை ஒளிப்பதிவு, அகச்சிவப்புப் பதிவு ஆகிய நான்கு உத்திகள் இக்கரையில் எவற்றைக் காட்டுகின்றன, எவற்றை நீக்குகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. செஞ்சியை அடுத்த சிங்கவரத்துக் குடைவரையின் கிடந்த கோலத்தையும், ஐங்குறுநூற்றின் தொண்டிப் பத்தையும் ஒப்புநோக்கி, ஓர் உத்தியின் தகுதியை அது தரும் அழகால் அன்றி, அது யாருடைய கூற்றாக அமைகிறது என்பதாலேயே மதிப்பிட வேண்டும் என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: நெய்தல், ஒளிப்படம், நெடுநேர ஒளிப்பதிவு, கூற்று, இரங்கல், சிங்கவரம், மாமல்லபுரம், தொண்டிப் பத்து

முன்னுரை

தமிழில் ஒளிப்படம் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் இருவகையின. ஒன்று, கருவியையும் அதைக் கையாளும் முறையையும் கற்பிப்பது. மற்றொன்று, படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்வது. முதல்வகையில் உத்தி பேசப்படுகிறது, பொருள் பேசப்படுவதில்லை. இரண்டாம் வகையில் பொருள் பேசப்படுகிறது. அது எவ்வுத்தியால் அவ்வாறு தோன்றுகிறது என்பது பேசப்படுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட திறனாய்வு தமிழில் வளரவேண்டிய நிலையிலேயே உள்ளது.

இவ்விடைவெளி வெறும் கல்வித்துறைக் குறைபாடு அன்று. கடற்கரைப் படங்கள் சுற்றுலா விளம்பரங்களிலும் நாட்காட்டிகளிலும் கைப்பேசித் திரைகளிலும் பெருகியுள்ளன. கடலை நேரில் காணாத ஒருவர் மனத்தில் கரை என்பது யாது என்பதை இப்படங்களே வரையறுக்கின்றன. அவ்வரையறையில் மீன்பிடி மக்கள் உள்ளனரா, இல்லையா என்பது கலைச் சிக்கலாகவும் சமூகச் சிக்கலாகவும் ஒருங்கே அமைகிறது.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு, காட்சியை உணர்வின் இடமாக மாற்றும் முறையைத் தமிழ்ப் பொருளிலக்கணம் விரிவாக வகுத்துள்ளது. நிலக்காட்சி ஒளிப்படத்தை மதிப்பிட அம்முறை எவ்வளவுக்குத் துணைசெய்யும் என்பதைச் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சோதனைக்களம் மாமல்லைக் கரை. ஆயினும் வாதம் கடலற்ற ஓர் ஊரிலிருந்து தொடங்குகிறது.

1. சிங்கவரம்: கடலின்றிக் கிடந்த கோலம்

செஞ்சிக்கு வடக்கே சில கல் தொலைவில் உள்ள சிங்கவரத்துக் குன்றில் பல்லவர்காலக் குடைவரை ஒன்று அமைந்துள்ளது. அதனுள் அரங்கநாதர் கிடந்த கோலத்தில் தாய்ப்பாறையிலேயே வடிக்கப்பட்டுள்ளார். பள்ளிகொண்ட திருமால் எனும்போதே பாற்கடலும் உடன் நினைக்கப்படுகிறது. ஆனால் சுற்றிலும் கருங்கற்குன்றுகளும் வயல்களுமே உள்ள உள்நாட்டுக் குடைவரையில், கடலைக் காண்பவரே தம் மனத்தால் நிரப்பிக்கொள்ள வேண்டியுள்ளது.

இச்சிற்பத்தைப் பற்றி வழங்கும் மரபுச்செய்தி கருதத்தக்கது. 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்ட தேசிங்கு, போருக்குப் புறப்படுமுன் இறைவனிடம் விடைகேட்டதாகவும், செல்ல வேண்டா என்பதற்கு அடையாளமாக இறைவன் தலையைத் திருப்பிக்கொண்டதாகவும் மக்கள் கூறுவர். இதன் வரலாற்று உண்மை இங்கு ஆராய்ச்சிக்குரியதன்று. அசையாத கல்லில் ஓர் அசைவைக் கண்டு, அவ்வசைவுக்கு ஒரு மறுப்பின் பொருளைத் தந்து, அதைக் கேட்டவன் இன்னான் என்றும் வரையறுத்துள்ளது மக்கள் மரபு. சிற்பம் தருவது ஒரு நிலை மட்டுமே. அந்நிலைக்கு முன்னும் பின்னும் உள்ள காலத்தைத் தருவது கூற்று.

இதே கிடந்த கோலம் மாமல்லைக் கரையிலும் உண்டு. இராசசிம்மன் காலத்துக் கடற்கரைக் கோயிலில் இரு சிவன் கோயில்களுக்கு இடையே திருமால் கிடந்த கோலத்தில் உள்ளார். ஊருக்குள் அமைந்த தலசயனப் பெருமாள் தரையில் பள்ளிகொண்டவர், திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்றவர். சிங்கவரத்தில் கடல் கற்பனையில் உள்ளது. மாமல்லையில் கண்முன் உள்ளது. கண்முன் உள்ள கடலை ஒளிப்படக் கருவி என்ன செய்கிறது என்ற வினா இவ்வேறுபாட்டிலிருந்தே எழுகிறது.

உத்தி என்பது தேர்வு மட்டுமன்று, விலக்கலும் ஆகும் என்பதற்கும் இவ்வட்டாரத்திலேயே சான்று உண்டு. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டுக் குடைவரைக் கல்வெட்டில் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி அக்கோயிலை எடுப்பித்ததாக அறிவிக்கிறான். தான் எதை விலக்கினான் என்பதைப் பொறித்து வைத்தமையால் அவ்வுத்தி ஒரு கூற்றாகவும் நிலைபெற்றது. தான் விலக்கியதைச் சொல்லும் உத்திக்கும், சொல்லாமல் மறைக்கும் உத்திக்கும் உள்ள வேறுபாடு பின்வரும் பகுதிகளில் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

2. தொடக்ககால ஒளிப்படத்தில் கடல்

மாமல்லைக் கரை ஒளிப்படக் கருவி தோன்றுவதற்கு முன்பே படப்பொருளாகிவிட்டது. 1790களில் தென்னாட்டில் பயணம் செய்த தாமசு டேனியலும் வில்லியம் டேனியலும் இவ்வூர்ச் சிற்பப் பாறைகளை வரைந்து அச்சுப் படங்களாக வெளியிட்டனர். 1860களின் இறுதியில் எட்மண்டு டேவிட் லயன் சென்னை அரசுக்காகத் தென்னிந்தியக் கட்டடங்களைப் படமெடுத்தபோது மாமல்லபுரமும் அவற்றுள் இடம்பெற்றது. இவ்வரிசையில் நோக்கம் பழம்பொருளே. கடல் அதன் பின்னணி.

அக்கால வேதியியலும் இதற்குத் துணையானது. 1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில் தகடு ஈரம் உலருமுன் படம் எடுக்கப்பட்டுக் கழுவப்பட வேண்டும். பதிவுக்குப் பல நொடிகள் தேவைப்படும். அசையாத கல் தெளிவாகப் பதியும்; அசையும் அலையும் நடமாடும் மனிதரும் மங்குவர் அல்லது மறைவர். தூணருகே ஒருவர் காணப்படின், பெரும்பாலும் அவர் கட்டடத்தின் அளவைக் காட்ட அசையாமல் நிறுத்தப்பட்டவராக இருப்பார். அளவுகோலாக நிற்கும்போது மட்டுமே மனிதர் படத்தில் தங்க முடிந்தது.

அத்தகடுகள் நீல ஒளியை மிகுதியாக ஏற்பவை. எனவே நிலம் சரியாகப் பதியும்போது வானம் வெறும் வெண்மையாகிவிடும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857ஆம் ஆண்டுகளில் எடுத்த கடற்படங்கள் சிலவற்றில் வானுக்கு ஒரு தகட்டையும் கடலுக்கு மற்றொரு தகட்டையும் இணைத்து அச்சிட்டார். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1857–58இல் திருவரங்கம், மதுரை, தஞ்சை முதலிய இடங்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், காகித எதிர்மறைகளின் மேல் முகில்களைத் தீட்டிச் சேர்த்ததும் உண்டு. ஆகவே புனைவு உத்தி என்பது இன்றைய மென்பொருளோடு வந்ததன்று, ஒளிப்படத்தோடு உடன்பிறந்தது. அது பதிவின் தூய்மையைக் கெடுக்கிறது என்னும் பழைய குற்றச்சாட்டு வலுவற்றது. வேறொரு வினாவே கேட்கத் தக்கது.

3. ஒரே கரை, பல கூற்று: தொண்டிப் பத்து

ஒரே கடற்கரைக்குத் திரும்பத் திரும்பச் செல்லும் கலைமுயற்சிக்குத் தமிழில் தொன்மையான சான்று ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதி. அம்மூவனார் பாடிய இந்நூறு பாடல்களின் பகுப்புமுறை இங்குக் கவனத்திற்குரியது. முதல் நான்கு பத்துகள் கேட்போரால் பெயர்பெறுகின்றன: தாய்க்கு உரைத்த பத்து, தோழிக்கு உரைத்த பத்து, கிழவற்கு உரைத்த பத்து, பாணற்கு உரைத்த பத்து. எஞ்சிய ஆறும் மரம், பறவை, ஊர், பூ, அணி ஆகியவற்றால் பெயர்பெறுகின்றன: ஞாழற் பத்து, வெள்ளாங்குருகுப் பத்து, சிறுவெண்காக்கைப் பத்து, தொண்டிப் பத்து, நெய்தற் பத்து, வளைப் பத்து. யாரிடம் சொல்வது என்பதும், எதை முன்நிறுத்திச் சொல்வது என்பதும் ஆகிய இரு அச்சுகளில் ஒரே நிலம் நூறு முறை காட்டப்படுகிறது.

இவற்றுள் தொண்டிப் பத்து, சேரர் துறைமுகமாகக் கொள்ளப்படும் ஒரே ஊரைப் பத்துப் பாடல்களிலும் மீண்டும் கொணர்கிறது. பாடல்கள் அந்தாதியாகத் தொடுக்கப்பட்டுள்ளமையால் ஒரு காட்சியின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகிறது. அலையொலியும் முழவொலியும் கலக்கும் தெரு, கழி, பூ என ஊரின் கூறுகள் மாறிமாறி வருகின்றன. தலைவன் கூற்றாக வரும்போது தொண்டி தலைவியின் அழகுக்கு ஒப்பாகிறது. தோழி பேசும்போது அதே ஊர் தலைவியின் நலனைக் காக்கும் பொறுப்பை அவனுக்கு உணர்த்தும் சான்றாகிறது. ஊரின் தோற்றத்தைத் திரிப்பதால் இவ்வேறுபாடு விளையவில்லை. பேசுவோர் மாறுவதால் விளைகிறது.

தொல்காப்பியச் செய்யுளியல் நோக்கு, கூற்று, கேட்போர், களன், காலம் முதலியவற்றைச் செய்யுளின் உறுப்புகளோடு வைத்துப் பேசுகிறது. இவை அணிகள் அல்ல, உறுப்புகள். இவற்றுள் ஒன்று மாறினால் செய்யுளின் பொருளே மாறும். ஒளிப்பட உத்தியும் அவ்வாறு உறுப்பாக நிற்கிறதா, மேற்பூச்சாக நிற்கிறதா என்பதே திறனாய்வாளர் கேட்க வேண்டிய வினா.

4. நான்கு உத்திகள்

4.1 நெடுநேர ஒளிப்பதிவு

வில்லைக்கு முன்னர் அடர்ந்த என்.டி. ஃபில்ட்டரைப் பொருத்தி, உட்புகும் ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் தேவைப்பட்ட பதிவுக்கு முப்பது நொடிக்கு மேல் தேவைப்படும். அந்நேரத்தில் கரையை மோதும் அலைகள் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெண்பனிபோல் தோன்றும். கடல் பாலாகிறது. சிங்கவரத்துக்கு வருவோர் மனத்தால் நிரப்பும் பாற்கடலை இங்கு வடிகட்டி உருவாக்குகிறது.

மாமல்லைக் கரையில் இவ்வுத்தியின் விளைவு ஒரே திசையிலேயே செல்கிறது. கல் எஞ்சுகிறது; பிற மறைகின்றன. படகைத் தள்ளுவோர், வலையை இழுப்போர், மீன்கூடையுடன் நடப்போர் முப்பது நொடியில் தடமின்றிக் கரைந்துவிடுவர். கோயில் தனித்து, காலமற்றுத் தோன்றும். வேதியியலின் குறையால் 19ஆம் நூற்றாண்டுத் தகடு செய்ததை இன்றைய கருவி விருப்பத்தால் செய்கிறது. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அலையைப் பிடிக்கவல்ல கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய தகட்டின் வெறுமைக்குத் திரும்புவது ஒரு தேர்வு. தேர்வாதலின் அது விளக்கத்துக்கு உரியது.

வெறுமை எப்போதும் குறையன்று. யப்பானியக் கலைஞர் இரோசி சுகிமோட்டோ 1980இல் தொடங்கிய கடற்காட்சி வரிசையில் நிலமும் படகும் மனிதரும் இல்லை; தொடுவானம் சட்டத்தை இரண்டாகப் பகுக்கிறது, அவ்வளவே. தொன்மாந்தர் கண்ட கடலை இன்றைய மனிதர் காண இயலுமா என்பது அவ்வரிசையின் வினா. ஆகவே மனிதரை விலக்குவதே அதன் கூற்று. மண்டகப்பட்டுக் கல்வெட்டைப் போல அது தன் விலக்கலை வெளிப்படையாகச் சொல்கிறது. மாமல்லைப் படங்களோ குடியிருப்பும் மீன்பிடித் தொழிலும் சூழ்ந்த ஒரு கரையை ஆளற்ற கரையாகக் காட்டிவிட்டு, அதை அமைதி என்று பெயரிடுகின்றன.

4.2 கருவியை அசைத்தெடுத்தல்

பதிவு நிகழும்போதே கருவியைக் கிடையாக நகர்த்தினால் மணல், நுரை, கடல், வானம் ஆகியவை நிறப்பட்டைகளாக நீளும். இவ்வுத்தியில் கோயிலும் தன் உருவை இழக்கும். எனவே முந்தைய உத்தியின் ஓரவஞ்சனை இதில் இல்லை. கல்லுக்கும் மனிதருக்கும் ஒரே நேர்மை. அதற்கு ஈடாக இழக்கப்படுவது ஊர். அப்படம் மாமல்லையா, மரக்காணமா, வேறு நாட்டுக் கரையா என்று அறிய வழியில்லை.

இதுவும் இலக்கிய முன்மாதிரி அற்றதன்று. தொண்டி, கொற்கை, மாந்தை எனப் பெயர்சுட்டும் நெய்தற் பாடல்களோடு, ஊர்ப்பெயரே இல்லாத பாடல்களும் மிகப் பல. அவற்றில் உணர்வே ஊராகிறது. ஆகவே அசைத்தெடுத்த படம் ஏதேனும் ஓர் உணர்வைத் தாங்கி நிற்குமாயின் ஊர் இழப்பு பொறுக்கத்தக்கதே. நிறங்களின் இனிமையோடு நின்றுவிடின், முதற்பொருளும் போய் உரிப்பொருளும் கிட்டாத நிலை ஏற்படும்.

4.3 பன்முறை ஒளிப்பதிவு

ஒரே சட்டத்தில் இரண்டு அல்லது மூன்று பதிவுகளை ஏற்றுவது இவ்வுத்தி. விடியலும் மாலையும் ஒரே படத்தில் அமையலாம். கோயில் விமானத்தின் மேல் வலையின் கண்கள் படியலாம். தமிழ் மரபில் இதற்கு அணுக்கமானது உள்ளுறை. கருப்பொருளின் செயல் ஒன்று, சொல்லப்படாத மற்றொரு பொருளுக்கு உறுப்புதோறும் பொருந்தி நிற்பது அதன் இலக்கணம். அப்பொருத்தம் இருந்தால் விமானமும் வலையும் ஒன்றையொன்று விளக்கும்: அரசன் எடுப்பித்த கல்லும், அதன் நிழலில் நாளும் பின்னப்படும் நூலும் என இருவகை உழைப்பு எதிரெதிர் நிற்கும். பொருத்தம் இல்லையேல் அது அடுக்கல் மட்டுமே. நான்கு உத்திகளுள் மனிதரின் உழைப்பை நீக்காமல் சேர்க்கும் வாய்ப்பு மிகுதியாக உள்ளது இதுவே. அவ்வாய்ப்பைப் பயன்படுத்துவதற்கு உத்தியறிவோடு கரையறிவும் வேண்டும்.

4.4 அகச்சிவப்புப் பதிவு

கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைப் பதியும் கருவியில் பசுந்தழை வெண்மையாகவும், தெளிந்த வானும் நீரும் கருமையாகவும் தோன்றும். மாமல்லை உட்பட சோழமண்டலக் கரையில் இவ்வுத்தி முதன்மைப்படுத்துவது சவுக்குத் தோப்புகளை. புன்னை, ஞாழல், தாழை, அடும்பு எனச் சங்கப்பாடல் கூறும் நெய்தல் நிலைத்திணைகளுள் சவுக்கு இல்லை. எரிபொருள் தேவைக்காக 19ஆம் நூற்றாண்டில் இக்கரையில் பெருமளவில் பயிரிடப்பட்டது அது. பின்னர் உப்புக்காற்றையும் மணலையும் தடுக்கும் வேலியாகவும் வளர்க்கப்பட்டது. கனவுக்காட்சிபோல் எடுக்கப்படும் அகச்சிவப்புப் படம், எடுப்பவர் எண்ணாமலேயே, கரையின் அண்மைக்கால வரலாற்றை வெண்மையாக எடுத்துக்காட்டிவிடுகிறது. கருப்பொருள் மாறியதைக் காட்டும் கருவியாக இவ்வுத்தி இன்னும் உணர்ந்து கையாளப்படவில்லை.

5. எற்பாடும் கிழக்குக் கரையும்

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. கதிரவன் மறையும் பொழுதென்று இது பெரும்பாலும் பொருள்கொள்ளப்படும். விடியல் எனக் கொள்வாரும் உளர். ஒளியின் திசையைக் கருதும் ஒளிப்படத்துக்கு இவ்வுரைவேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று. மேற்குக் கரைத் தொண்டியில் கதிர் கடலில் மறையும். கிழக்குக் கரை மாமல்லையில் அது நிலத்தின்பின் மறையும். மாலையில் கடலை நோக்கி நிற்பவரின் முதுகுப்புறத்தே ஒளி இருக்கும். அவர் பார்க்கும் கிழக்கு முன்னரே இருளத் தொடங்கும்.

இக்கரையைப் படமெடுப்போர் பெரும்பாலும் விடியலையே நாடுகின்றனர். கடலிலிருந்து எழும் ஒளி, அதன்முன் கருநிழலாய் நிற்கும் கோயில் என்பது வழக்கமாகிவிட்ட காட்சி. விடியல் மற்றொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது: கடலுக்குச் சென்ற படகுகள் பல கரைதிரும்பும் பொழுதும் அதுவே. அதாவது கரையில் வேலை மிகுந்திருக்கும் பொழுதைத் தேர்ந்து, அவ்வேலையை மறைக்கும் உத்தியைக் கையாளும் முரண் இங்கு உள்ளது. மாலையிலோ கரை நிறமிழந்து, தொடுவானம் கலங்கி, அழகுப்படத்துக்கு ஏலாததாகிறது. சென்றவர் இன்னும் வரவில்லை என்னும் நெய்தலின் கவலைக்கு ஏற்றது அந்நிறமிழந்த கிழக்கே. ஒளிப்படக்காரர் கருவியை மூடிவைக்கும் பொழுதில்தான் திணையின் பொழுது தொடங்குகிறது.

6. கடலற்ற கடற்படம்: கடலூர், 2004

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். தமிழகக் கடற்கரையில் எடுக்கப்பட்டு உலகெங்கும் அறியப்பட்ட படங்களுள் ஒன்று, ராய்ட்டர்ஸ் நிறுவனத்துக்காக அர்கோ தத்தா 2004 டிசம்பர் 28 அன்று கடலூரில் எடுத்தது. ஆழிப்பேரலையில் உறவினரை இழந்த பெண்ணொருவர் தரையில் வீழ்ந்து, கைகளை விரித்து அழுகிறார். இறந்தவரின் கை மட்டுமே சட்டத்துக்குள் தெரிகிறது. உலகப் பத்திரிகை ஒளிப்பட அமைப்பின் 2004ஆம் ஆண்டுக்கான சிறந்த படமாக இது தேர்ந்தெடுக்கப்பட்டது.

இப்படத்தில் கடல் இல்லை. அலையோ, படகோ, தொடுவானமோ இல்லை. இருந்தும் கடல் செய்தது முழுவதும் உள்ளது. முன்னர்க் கண்ட நான்கு உத்திகளும் முதற்பொருளான கடலை விதவிதமாகக் காட்டி, உரிப்பொருளைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுகின்றன. இப்படமோ உரிப்பொருளை நேரே காட்டி, முதற்பொருளைப் பார்ப்பவர் மனத்தில் எழுப்புகிறது. இதன் உத்தி சட்டகம் ஒன்றே: எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்னும் முடிவு. விலக்கல் இங்கும் உண்டு. ஆனால் விலக்கப்பட்ட உடலும் கடலும் விலக்கத்தாலேயே கனம் பெறுகின்றன.

இதனை அப்படியே அகத்திணை இரங்கலோடு ஒன்றாக்கிவிட இயலாது. அகம் பெயர்சுட்டா மரபினது. அதன் இரங்கல் பிரிவாற்றாமையிலிருந்து எழுவது. செய்திப் படமோ புறத்தைச் சார்ந்தது. இறந்தோரைக் குறித்த கையறுநிலைக்கே அணுக்கமானது. ஆனால் முகமறியாத பார்வையாளர் கோடிக்கணக்கானோர் அத்துயரைத் தம் துயராக உணர நேர்ந்தபோது, புறச்செய்தி அகத்தின் பொதுமையைப் பெற்றது. அப்பொதுமைக்கு ஈடாக, அழுபவரின் தனிமை பொதுவில் வைக்கப்பட்டது என்பதும் மறக்கத்தக்கதன்று.

7. கேட்போரும் கூற்றும்: நீருக்கடியில் ஒரு களன்

பழனிக்குமார் கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணகமான 'பாரி'யில் வெளியிட்டுள்ள பணிகளுள், மன்னார் வளைகுடாவில் கடற்பாசி சேகரிக்கும் பெண்களைப் பற்றிய 2019ஆம் ஆண்டுப் படத்தொகுப்பு இங்குக் குறிப்பிடத்தக்கது. 2022இல் முதன்முதலாக வழங்கப்பட்ட தயனிதா சிங்-பாரி ஆவண ஒளிப்பட விருதைப் பெற்றவர் இவர். கடற்பாசித் தொகுப்பின் களன் மணற்பரப்பன்று. பெண்கள் மூச்சடக்கி மூழ்கும் நீரின் உட்பகுதி. நீருக்கடியிலிருந்து எடுக்கப்பட்ட படங்களில் தொடுவானம் மறைந்து, பாசியும் கையும் அண்மையில் தெரிகின்றன.

நீரடி ஒளிப்பதிவும் ஓர் உத்தியே. அதற்கும் தனிக்கருவியும் பயிற்சியும் வேண்டும். ஆனால் அது தேர்ந்தெடுக்கப்பட்ட காரணம் வேறு. கரையிலிருந்து பார்ப்பவருக்கு இப்பெண்கள் நீரில் தோன்றி மறையும் தலைகள் மட்டுமே. அவர்களின் வேலை நிகழும் இடம் நீருக்கடியில் உள்ளது. களன் மாறாமல் கூற்று மாறாது. தாய்க்கும் தோழிக்கும் பாணனுக்கும் வெவ்வேறாகப் பேசிய அம்மூவனாரின் முறைக்கு இது நெருங்கியது. கரையைக் காண்பவர் கூற்றிலிருந்து கடலில் இருப்பவர் கூற்றுக்கு ஒளிப்படம் நகர்ந்துள்ளது.

8. எழக்கூடிய மறுப்புகள்

இவ்வாதத்துக்கு இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, செய்யுளுக்கு வகுத்த இலக்கணத்தை ஒளிப்படத்தின்மேல் ஏற்றுவது பொருந்துமா என்பது. செய்யுளில் இல்லாத கரையையும் படைக்கலாம். ஒளிப்படமோ முன்னிருக்கும் பொருளின் ஒளித்தடம். இவ்வேறுபாடு உண்மையே. எனினும் திணைக்கோட்பாடு இங்கு விதியாக அன்றி வினாநிரலாகவே கொள்ளப்படுகிறது. யார் கூற்று, கேட்போர் யார், களனும் காலமும் எவை, உரிப்பொருள் யாது என்னும் வினாக்கள் எக்கலைக்கும் பொருந்துவன.

இரண்டாவது மறுப்பு வலியது. உழைப்போரை நீக்கும் குற்றம் ஒளிப்பட உத்திக்கு மட்டும் உரியதா? அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைத்துப் பேசும் போக்கு அகத்திணையியலிலேயே உண்டு. நெய்தற் பாடல்களில் பரதவர் வலையும் உப்பும் மீனும் நிறைந்திருப்பினும், பல இடங்களில் அவை தலைமக்களின் உணர்வுக்குப் பின்னணியாகவே அமைகின்றன. ஆகவே திணையை மாசற்ற அளவுகோலாகக் கொண்டு ஒளிப்படத்தைப் பழிப்பது நேர்மையாகாது. அதே வேளையில், பின்னணியாகவேனும் அவர்கள் பாடலில் தங்கினர் என்பதும் உண்மை. நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனை நோக்கி வழிப்படுத்தும்போது, மரக்காணத்தை ஒட்டியதாகக் கருதப்படும் எயிற்பட்டினத்து நெய்தல் நிலத்தைப் பரதவர் தரும் விருந்தின் வழியாகவே அறிமுகம் செய்கிறது. சிங்கவரத்திலிருந்து கிழக்கே செல்வோர் கடலைத் தொடும் அப்பகுதிக் கரை, இலக்கியத்தில் உணவளிக்கும் மனிதரோடுதான் நுழைகிறது. முப்பது நொடிப் பதிவில் அவ்விருந்தோம்பலுக்கு இடமில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. புனைவு உத்தி ஒளிப்படத்தின் தொடக்கத்திலிருந்தே உள்ளதாதலின், உத்தி கையாளப்பட்டதா என்பது மதிப்பீட்டுக்குரிய வினா அன்று. ஒவ்வோர் உத்தியும் ஒன்றை விலக்குகிறது. அவ்விலக்கலைத் தன் பொருளாக்கிக்கொள்ளும் படமே உத்தியை உறுப்பாகக் கொண்டதாகும். நெடுநேர ஒளிப்பதிவு மாமல்லைக் கரையில் குடியேற்றக்காலத் தொல்பொருள் நோக்கை மீட்டெடுக்கும் இடர் உடையது. பன்முறைப் பதிவும் அகச்சிவப்புப் பதிவும் கரையின் உழைப்பையும் வரலாற்றையும் காட்டவல்லவை. அவ்வழியில் இன்னும் போதிய அளவு முயலப்படவில்லை. ஒரே கரையைப் பலவாறு காட்டுவதற்குத் தொண்டிப் பத்து காட்டும் வழி, தோற்றத்தை மாற்றுவதன்று. பேசுவோரையும் கேட்போரையும் மாற்றுவது.

சிங்கவரத்துச் சிற்பம் ஒருபோதும் அசைந்ததில்லை. அதன் தலை திரும்பியதாகச் சொன்ன மக்கள், ஒரு மன்னனுக்கு நேர்ந்த முடிவை அதனுள் வைத்துக் காத்தனர். அசையாப் படிமம் ஒன்று தன்னுள் எவ்வளவு காலத்தையும் எத்தனை மனிதரையும் ஏற்க முடியும் என்பதற்கு அது சான்று. மாமல்லைக் கடலை அசைவறச் செய்யும் ஒளிப்படமும் அதே வினாவுக்கு விடைகூற வேண்டும்: அலையை நிறுத்தியபின், அவ்வமைதிக்குள் யார் இருக்கிறார்?